குந்தரின் குளிர்பானம்

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த ‘டியஸ் எக்ஸ்’ என்னும் கணினி விளையாட்டில், இரண்டு ஊழியர்கள் அலுவலகத்தில் நின்றபடி குளிர்பான இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சிறிய உரையாடல் ஒன்று வருகிறது. குந்தர் ஹெர்மன் ஆரஞ்சுச் சுவை கேட்டிருக்கிறான். இயந்திரம் எலுமிச்சைச் சுவையைக் கொடுத்துவிட்டது. இயந்திரம் தவறு செய்யாது என்கிறாள் உடன் பணிபுரியும் அன்னா நவார். அப்படியானால் இது பராமரிப்பு ஊழியனின் வேலைதான், எனக்கு ஆரஞ்சு பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும், வேண்டுமென்றே செய்கிறான் என்று குந்தர் முடிவு கட்டுகிறான்.

விளையாடியவர்கள் எல்லாரும் இதை ஒரு நகைச்சுவைக் காட்சியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். கரகரத்த ஜெர்மானிய உச்சரிப்பில், உலகமே தனக்கெதிராகச் சதி செய்வதைப் போன்ற தீவிரத்தோடு ஒருவன் குளிர்பானத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வராமல் இருக்காது. ஆயினும் தொழில்நுட்பம் உயர்ந்தும் வாழ்க்கை சீரழிந்தும் போன எதிர்காலத்தைக் காட்டும் சைபர்பங்க் வகையைச் சேர்ந்த சுடும் விளையாட்டுகளில் நான் ஆடிய எதிலும் இதைவிடக் கூர்மையான காட்சியைக் கண்டதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்தப் பதிவு. விளையாட்டு பழையது என்பதால் கதையின் திருப்பங்களை மறைக்காமல் எழுதப்போகிறேன். இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு பிறகு வரலாம்.

கதை நடப்பது 2052-இல். ‘சாம்பல் மரணம்’ என்னும் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருக்கிறது. அதற்கான மருந்து போதுமான அளவில் இல்லை. இருக்கும் கொஞ்சமும் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அதிகாரத்தில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். நியூயார்க்கின் லிபர்ட்டி தீவில் தலைமையகம் வைத்திருக்கும் யூனாட்கோ என்ற பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பில், ஜேசி டென்டன் என்ற புதிய ஊழியனாக நாம் வேலைக்குச் சேர்கிறோம். ஜேசி பார்வைக்குச் சாதாரண மனிதன். அவனுடைய ஆற்றல்கள் அனைத்தும் உடலுக்குள் செலுத்தப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத நானோ எந்திரங்களிலிருந்து வருபவை. குந்தரும் அன்னாவும் முந்திய தலைமுறையினர். அவர்களுடைய கைகால்கள் உலோகம், முகத்தில் உலோகம், நடையில் உலோகம். தெருவில் இறங்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த வேலைக்காகத் தங்கள் உடலையே கொடுத்தவர்கள் அவர்கள். ஜேசி வந்த முதல் நாளே அவர்களுடைய உடல் பழைய சரக்காகிவிடுகிறது. முதல் கட்டத்தில், சுதந்திர தேவி சிலைக்குள் எதிரிகளிடம் சிறைப்பட்டிருக்கும் குந்தரை நாம் மீட்கலாம். அவனுடைய இடத்தைப் பிடிக்க வந்தவனே அவனை விடுவிக்கிறான் என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குந்தர் முனகுகிறான், அவ்வளவுதான். பிறகு தன் தலைக்குள் ஒரு துப்பாக்கியைப் பொருத்தித் தருமாறு மேலிடத்தைக் கேட்கத் தொடங்குகிறான். இன்னும் ஒரு கருவி கூடினால் இன்னும் சில காலம் தேவைப்படுவோம் என்ற கணக்கு அது.

இந்த வகை விளையாட்டுகளில் உடலுக்குள் எந்திரம் புகுவது பெரும்பாலும் ஒரு கொடுக்கல் வாங்கலாகவே இருந்து வந்திருக்கிறது. 1994-இல் வந்த ‘சிஸ்டம் ஷாக்’கில், விண்வெளி நிலையத்தை ஆளும் செயற்கை அறிவின் அறநெறிக் கட்டுப்பாடுகளை ஒரு ஹேக்கர் நீக்கித் தருகிறான், அவனுக்குக் கிடைக்கும் கூலி, மூளையோடு இணையும் கருவி ஒன்று. அதன் தயாரிப்பாளராக இருந்த வாரன் ஸ்பெக்டர்தான் பின்னர் அயன் ஸ்டோர்ம் நிறுவனத்தின் ஆஸ்டின் பிரிவில் ‘டியஸ் எக்ஸ்’ உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். முதன்மை வடிவமைப்பாளர் ஹார்வி ஸ்மித். 2011-இல் வேறொரு குழு உருவாக்கிய ‘ஹியூமன் ரெவல்யூஷ’னில் ஆடம் ஜென்சன் படுகாயமடைந்து மயங்கிக் கிடக்கும்போது, அவனைக் கேட்காமலேயே அவனுடைய முதலாளி அவன் உடலை மாற்றியமைத்துவிடுகிறார். 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’இல் நாயகன் வீ புதிய கண்களைக் கடனுக்குப் பொருத்திக்கொள்கிறான், மருத்துவர் விக்டருக்கு அவன் தர வேண்டிய தொகை அந்த உலகின் நாணயத்தில் 21,000. ஒன்றில் கூலி, இன்னொன்றில் முதலாளியின் முடிவு, மற்றொன்றில் கடன். ஆனால் இம்மூன்றிலும் நாம்தான் புதியவர்கள். நமக்குத்தான் புதிய கருவி வருகிறது. அந்தக் கருவியால் வேலை இழக்கப்போகிறவன் நம் கண்முன்னே, நம்மோடு அதே அலுவலகத்தில் நடமாடுவதை ‘டியஸ் எக்ஸ்’ மட்டுமே விடாமல் காட்டியது.

மலேசியாவின் பினாங்கில் இருந்துகொண்டு இதை ஆடுகிறவனுக்கு இந்த விஷயம் கண்ணில் படாமல் போகாது. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டபோது, இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. அக்காலத்தில் வந்து சேர்ந்த முதல் எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்’ என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நான் வேலை செய்வதும் அந்த வட்டாரத்தில்தான். கணினிச் சில்லுகள் கப்பலேறுவதற்கு முன் அவற்றைச் சோதிக்கும் பிரிவில். என் அத்தை எழுபதுகளின் இறுதியில் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்திலிருந்து அதன் உலோகக் கால்களுக்கு ஒவ்வொன்றாக இணைப்பது அவர் வேலை. கை நடுங்கக் கூடாது. எண்பதுகளில் அதே இணைப்பைத் தானாகச் செய்யும் எந்திரங்கள் வந்தன. 1985-ஐ ஒட்டிய பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. அத்தையின் வரிசையில் இருந்தவர்களில் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அவரும் அவர்களில் ஒருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெலுத்தோங்கில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏதோ பேச்சுவாக்கில் குந்தரின் கதையைச் சொன்னேன். குளிர்பானம் வரை கேட்டுவிட்டு அத்தை சிரிக்கவில்லை.

“ஆரஞ்சு வரலன்னு மெஷின் பாக்குறவன் மேலதான அவனுக்குக் கோவம்? முதலாளி மேல இல்லையே?” என்றார்.

இல்லை என்றேன்.

“எங்க லைன்லயும் அப்படித்தான் ஐயா. ஆள் குறைக்கப் போறாங்கன்னு காதுல விழுந்ததும் எல்லாரும் டெக்னீஷியன் மேலதான் எரிஞ்சு விழுந்தோம். அவன் என்ன பண்ணுவான் பாவம், அவனும் நம்மள மாதிரி பஸ்ல வர்றவன். மேல இருக்கறவங்க முகத்தை யாரு பார்த்தா?”

பல ஆண்டுகளாக நான் ரசித்த காட்சியில் எனக்குப் பிடிபடாதிருந்ததை, விளையாட்டைத் திரையில்கூடப் பார்க்காத அத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். குந்தரைப் பழைய சரக்காக்கியவர்கள் யார் என்பது கதையில் மறைபொருளே அன்று. நானோ திட்டத்துக்குப் பணம் போட்டவர்கள், அதை அங்கீகரித்தவர்கள், யூனாட்கோவின் தலைவர் மேண்டர்லி, அவருக்கும் மேலே வால்டன் சைமன்ஸ், எல்லாருக்கும் மேலே பாப் பேஜ் என்று ஏணி நீள்கிறது. குந்தரின் சினம் அந்த ஏணியில் ஒரு படிகூட ஏறுவதில்லை. பக்கவாட்டிலும் கீழேயும்தான் பாய்கிறது: பராமரிப்பு ஊழியன் மீது, பிறகு ஜேசி மீது. அன்னா சொன்ன அந்த ஒரு வரியை இப்போது மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். இயந்திரம் தவறு செய்யாது என்பதை அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும், ஏனெனில் அவர்களே பாதி இயந்திரம்.

இதையெல்லாம் வசனத்தில் மட்டும் வைத்திருந்தால் இது ஒரு நல்ல சிறுகதையாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் ஆடும் முறையிலேயே இந்தச் சிந்தனை ஊறியிருக்கிறது. ‘குவேக் 3’, ‘அன்ரியல் டோர்னமெண்ட்’ போன்ற 1999-ஆம் ஆண்டு விளையாட்டுகளின் வேகத்துக்குப் பழகிய கைகளோடு இதைத் தொடங்கியவர்கள், துப்பாக்கியைத் தூக்கியவுடன் ஏமாற்றம் அடைந்தார்கள். குறி பார்க்கும் கோடுகள் திரையில் அகலமாக விரிந்து நிற்கும். அசையாமல் நின்றால்தான் மெல்ல மெல்லச் சுருங்கும். பொறுமை இல்லாமல் சுட்டால் இரண்டு அடி தூரத்தில் நிற்பவனைக்கூடத் தவறவிடலாம். எதிர்காலத்தின் மிக முன்னேறிய மனிதன் ஏன் இவ்வளவு மோசமாகச் சுடுகிறான் என்று கேட்டுப் பலர் முதல் தீவிலேயே விட்டுவிட்டார்கள். காரணம், அவனுக்குப் பயிற்சி இல்லை. கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி, பூட்டுத் திறத்தல், மின்னணுவியல், கணினி, மருத்துவம், நீச்சல் என்று 11 திறன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பயிற்சியற்ற நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை நான்கு படிகள் கொண்டது. வேலை செய்து சேர்க்கும் புள்ளிகளைக் கொண்டு எதைக் கற்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும், எல்லாவற்றையும் கற்க ஒருபோதும் போதாது. உடலில் பொருத்தியது ஒருபுறம் இருக்க, கற்றது வேறு என்பதை இத்தனை பிடிவாதமாக வலியுறுத்தும் சுடும் விளையாட்டு வேறு இருக்குமா என்பது ஐயமே.

உடல் மேம்பாடுகளோ இதற்கு நேர்மாறான தன்மை உடையவை. வழியில் கிடைக்கும் குப்பி ஒவ்வொன்றும் இரண்டு ஆற்றல்களை முன்வைக்கும். கால்களுக்கு வேகம் வேண்டுமா, ஓசையின்மை வேண்டுமா? கைகளுக்கு அடிக்கும் வலிமையா, பாரம் தூக்கும் வலிமையா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று அந்த ஆட்டம் முழுவதும் இல்லை. நாமே பொருத்திக்கொள்ளவும் முடியாது. மருத்துவ எந்திரத்தைத் தேடிப் போக வேண்டும். பொருத்திய பின்னும், இயக்கும்போதெல்லாம் அவை உடலில் சேமித்த உயிரியல் மின்னாற்றலைக் குடித்துக்கொண்டே இருக்கும். தீர்ந்துபோனால் மின்கலத்தையோ பழுதுபார்க்கும் எந்திரத்தையோ நாட வேண்டும். பாரம் தூக்கும் கையை ஏற்பதே என் பழக்கம். சண்டையில் அது உதவாது, ஆனால் கனமான பெட்டிகளை அடுக்கி, மாடிச் சன்னல் வழியாக நுழையும் சுகம் வேறெதிலும் கிடைப்பதில்லை. சுவரில் வெடிகுண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அவற்றின்மேல் கால்வைத்து ஏறிச் செல்ல முடியும் என்பதை ஆட்டக்காரர்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். பூட்டிய கதவு ஒன்றைத் திறக்கச் சாவி, கம்பி, வெடி, கடவுச்சொல், காற்றுக்குழாய், பேச்சு ஆகிய எல்லாமே வழிகளாகும் இந்த வடிவமைப்பைப் பற்றி உலகம் முழுவதும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் அதை நீட்டவில்லை.

யூனாட்கோ தலைமையகத்தைப் பற்றி மட்டும் நீட்டத்தான் போகிறேன். சுடும் விளையாட்டில் சுடாமல் திரியக்கூடிய ஓர் அலுவலகத்தை இவ்வளவு உயிரோடு நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயுதக் கிடங்கில் இருக்கும் சாம் கார்ட்டர், நாம் தேவையில்லாமல் உயிர்களைக் கொன்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்னாவோ அதற்காகவே பாராட்டுவாள். பெண்கள் கழிவறைக்குள் நுழைந்தால் பிறகு மேலதிகாரி அதைக் குறிப்பிட்டுக் கண்டிப்பார். கணினிகளைத் திறந்தால் சக ஊழியர்களின் மின்னஞ்சல்கள் கிடக்கும். செய்த வேலைக்குக் கணக்குப் போட்டு ஊக்கத்தொகையும் கிடைக்கும். இப்படி நம்மை ஒரு நல்ல ஊழியனாகப் பழக்கிவிட்டு, கதை மெல்லத் திரும்புகிறது. விமானம் ஒன்றில், ஆயுதமின்றிச் சரணடைந்த லெபதேவ் என்பவனைக் கொல்லுமாறு அன்னா உத்தரவிடுகிறாள். கொல்லலாம், மறுக்கலாம், அவளையே சுட்டுவிடலாம். விளையாட்டு மூன்றையும் அனுமதித்து, பின்னர் வரும் பேச்சுகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. இறுதியில் நாம் நிறுவனத்தை விட்டு ஓடுகிறோம், குந்தரின் கையில் பிடிபடுகிறோம், அறியாத ஒரு சிறையில் கண் விழிக்கிறோம். தப்பிக் கதவுகளைக் கடந்து மேலே வந்தால், அச்சிறை இருந்தது நாம் இத்தனை நாள் வேலை செய்த அதே அலுவலகத்தின் அடித்தளத்தில்.

அதோடு இன்னொன்றும் தெரிய வருகிறது. நிறுவனம் கொடுத்த உடலில் நிறுவனத்தின் பொத்தானும் இருக்கிறது. ஜேசிக்குள் உயிரை நிறுத்தும் விசை பொருத்தப்பட்டிருக்கிறது, அதை முடுக்கிவிட்டார்கள், 24 மணி நேரம்தான் மிச்சம். ஹாங்காங்கில் டிரேசர் டோங் என்பவரை அடைந்தால்தான் அதை முறிக்க முடியும். குந்தருக்கும் அன்னாவுக்கும்கூட இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டு: குறிப்பிட்ட ஒரு சொற்றொடரைக் காதில் கேட்டால் அந்தக் கணமே உயிர் போய்விடும். அன்னாவுக்குரியது தலைமையகக் கணினிகளிலேயே கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டபோதுதான், அந்த மின்னஞ்சல்களையெல்லாம் ஏன் படிக்க வைத்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.

ஹாங்காங் பகுதியைக் குறித்து எனக்கு இருமனம். வான்சாய் சந்தையும் கால்வாயும் இருண்ட சந்துகளும் சுற்றித் திரிய இனியவை. ஆனால் அங்குள்ள மக்களுக்குக் கொடுக்கப்பட்ட குரல்கள், சீனர்கள் பேசுவதைப் பக்கத்து வீட்டிலும் கோப்பிக் கடையிலும் அன்றாடம் கேட்டு வளர்ந்த எவரையும் நெளிய வைக்கும். ஆசிய நகரத்தை மேற்கத்தியர் கற்பனை செய்யும்போது நேரும் வழக்கமான கோளாறுதான். எனினும் அங்கே இருக்கும் வெர்சாலைஃப் நிறுவனக் கட்டடத்துக்காக மற்றதை மன்னித்துவிடுகிறேன். அந்த நிறுவனத்துக்குள் வெளியாளைப் போல நுழைந்து, தடுப்புகளால் பிரிக்கப்பட்ட மேசைகளுக்கிடையே நடந்து, ஊழியர்கள் தங்களுக்குள் புலம்புவதை ஒட்டுக்கேட்கலாம். அவர்களுக்கு அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அங்கேதான் கொள்ளைநோய்க் கிருமியை உற்பத்தி செய்யும் பெரும் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்களும் சோதனைக்கு வரும் சில்லு எந்தக் கருவிக்குள் போய்ச் சேரும் என்று அறியாமலேயே வேலை பார்ப்பவர்கள்தாம். ஆகவே அந்த மாடியில் நான் எப்போதும் சற்று அதிக நேரம் நின்றுவிடுவேன்.

குந்தரின் முடிவு பாரிஸில், ஒரு பழைய தேவாலயத்தில். அன்னா நம் கையால் இறந்திருந்தால், அவன் பழிதீர்க்கும் வெறியோடு காத்திருப்பான். அவனோடு மோதலாம், ஓடித் தப்பலாம். யூனாட்கோ மருத்துவர் ஜெய்மி ரேயெசை முன்பு அலுவலகத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தால், அவர் பாரிஸுக்கு வந்து குந்தரின் சொற்றொடரை நமக்குக் கொடுப்பார். அதைச் சொன்னால் சண்டையே இல்லாமல் முடிந்துவிடும். வசதியான வழி அதுதான். அந்தச் சொற்றொடரைச் சொல்லுவதென்பது, எந்த நிறுவனத்தை விட்டு நாம் ஓடி வந்தோமோ அதன் ஆயுதத்தை நம் வாயாலேயே பயன்படுத்துவது என்பதால் நான் அதை விரும்புவதில்லை. ஓடும் வழியையே தேர்ந்துகொள்வேன். உலோகக் கால்களின் ஓசை பின்னால் துரத்திக்கொண்டே வரும், வேகக்கால்களைப் பொருத்தியிருந்தால் எளிதில் தப்பிவிடலாம். பழைய தொழில்நுட்பம் புதியதை எட்டிப் பிடிக்க முடியாமல் போவதை இதைவிடக் கசப்பாக ஆட்டக்காரரின் விரல்களிலேயே உணர்த்த முடியாது.

கடைசிக் கட்டத்தில்தான் எனக்கு மனக்குறை. ஏரியா 51 என்னும் அமெரிக்க இரகசிய இராணுவத் தளத்தில் மூன்று முடிவுகள் காத்திருக்கின்றன: செயற்கை அறிவோடு ஒன்றாகி உலகை ஆளலாம், பழைய இரகசியக் குழுவோடு சேர்ந்து ஆளலாம், உலகத் தொடர்பு வலையை முற்றாகத் தகர்த்து நாகரிகத்தையே சிற்றூர்களின் காலத்துக்குத் திருப்பி அனுப்பலாம். மூன்றும் யார் ஆள்வது என்ற கேள்விக்கான விடைகள். இத்தனை மணி நேரம் அலுவலகத்தையும் ஊக்கத்தொகையையும் ஆள்குறைப்பையும் இவ்வளவு நுட்பமாகக் காட்டிய விளையாட்டு, முடிக்கும்போது அரியணையைப் பற்றி மட்டும் பேசுகிறது. குந்தரைப் போன்றவர்களுக்கு அந்த மூன்று உலகங்களில் எதிலாவது இடம் உண்டா என்று அது எண்ணிப் பார்க்கவில்லை. சதிக்கோட்பாடுகளின் மீது கொண்ட மோகம் கடைசியில் கதையை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பதே என் கணிப்பு.

இப்போது ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடிக் காலத்தில் ஒரு வேளை நாசி கண்டார் செலவுக்குள் கிடைத்துவிடும். பழைய வரைகலை இயக்கி இன்றைய கணினிகளில் அடம்பிடிப்பதால் ரசிகர்கள் உருவாக்கிய திருத்தக் கோப்புகளை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அண்ணன் பால் டென்டன் மூன்று ஆயுதங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வான். சிறு வில்லை எடுங்கள், மயக்க அம்பு எய்து உயிர் பறிக்காமல் நகர அது உதவும். முதல் தீவில் குறி தவறுவதைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். கைத்துப்பாக்கித் திறனில் ஒரு படி ஏறினாலே நிலைமை மாறிவிடும். தலைமையகத்துக்குள் போனதும் அவசரப்பட்டு ஹெலிகாப்டரை நோக்கி ஓடாமல், திறக்கக்கூடிய ஒவ்வொரு கணினியையும் திறந்து பாருங்கள். குந்தரும் அன்னாவும் பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே போய் அவர்களை நிறுத்திவிடாமல் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள்.